நீலம் மட்டும் ஏன் சீக்கிரம் களைத்துப் போகிறது?

உங்க மொபைல் ஓஎல்இடி திரையா? அப்படின்னா அதிலுள்ள சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் முதலில் மங்குவது நீலம்தான். ஏன் என்று பார்ப்போம் வாங்க.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1240-ஐ அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால் ஒளியின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 620-ல் ஒளிரும் சிவப்புக்கு 2.0. 460-ல் ஒளிரும் நீலத்துக்குச் சுமார் 2.7. கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு ஒன்றை உடைக்க 3 அளவில் இருந்தாலே போதும். கிளர்ந்த நிலையில் உள்ள இரண்டு நீல மூலக்கூறுகள் சந்தித்து, ஒன்றின் ஆற்றல் மற்றதில் சேர்ந்தால்? மூலக்கூறே உடைஞ்சு போகலாம்!

சந்திப்பு எப்போது நடக்கும்? கிளர்ந்த நிலை நீண்ட நேரம் காத்திருந்தால். எலக்ட்ரானும் துளையும் சேரும்போது, ஸ்பின் கணக்குப்படி நான்கில் ஒன்றுதான் சிங்லெட். மீதி மூன்று டிரிப்லெட். சிங்லெட் சில நானோ நொடிகளில் ஒளிர்ந்துவிடும். டிரிப்லெட் அப்படியில்லை, ரொம்பப் பொறுமைசாலி.

1987-ல் கோடாக் நிறுவனத்தின் டாங், வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்ட பச்சை ஓஎல்இடி, சிங்லெட் ஒளியை நம்பியது. பின்னர் பிளாட்டினம், இரிடியம் போன்ற கன உலோகங்களைச் சேர்த்து டிரிப்லெட்டையும் ஒளிர வைத்தார்கள். சிவப்பும் பச்சையும் தப்பித்தன. ஆனால் மைக்ரோ நொடிக்கணக்கில் காத்திருக்கும் நீல டிரிப்லெட்தான் ஆபத்து. 2012-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழு வேறு வழி காட்டியது: சிங்லெட்-டிரிப்லெட் இடைவெளியைக் குறைத்தால், அறை வெப்பமே டிரிப்லெட்டைச் சிங்லெட்டாக ஏற்றிவிடும்.

இதை ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? சாதாரண ஒளிர்வு நிறமாலையின் உச்சி, நிறத்தை மட்டுமே சொல்லும். குறுகிய லேசர் துடிப்பைக் கொடுத்து, ஒளி அணையும் வேகத்தை அளக்கணும். வரைபடத்தில் முதலில் செங்குத்தான சரிவு, பிறகு நீண்ட வால் தெரிந்தால், அந்த வால் டிரிப்லெட் வழியாகத் தாமதமாக வந்த ஒளியாக இருக்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் டிரிப்லெட்டின் ஆற்றலை உறிஞ்சிவிடும், வால் சுருங்கிவிடும். கரைசலில் நைட்ரஜனைக் குமிழியிட்டு ஆக்சிஜனை வெளியேற்றாமல் அளந்துவிட்டு, "இந்தப் பொருள் வேலை செய்யல" என்று எழுதிடாதீங்க. காற்றோடு ஒருமுறை, காற்றில்லாமல் ஒருமுறை அளந்து பாருங்க. இரண்டு வால்களுக்கும் உள்ள வித்தியாசமே டிரிப்லெட்டுக்குச் சாட்சி.

ஆகவே அடுத்த முறை நிறமாலை எடுக்கும்போது உச்சியைக் குறித்ததோடு நிறுத்தாதீங்க. "எவ்வளவு நேரம் காத்திருந்தாய்?" என்றும் அந்த மூலக்கூறைக் கேளுங்க. நீலத்தின் ஆயுள் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.