சமவசரணத் தாமரை: நூலிலும் ஓவியத்திலும்

நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் இலக்கியம், வரலாறு, கவின்கலை ஆகியவற்றைக் கல்லூரிகளில் பயில்கின்றனர். இலக்கியத்திலும் கலையிலும் அமைந்த ஒரு பொருளை ஒப்பிட்டுக் கட்டுரை வரையும் பணி அவர்களுக்கு வருவதுண்டு. அதற்குரிய பொருள் நம் சமயச் செல்வத்திலேயே உளது. திட்டமிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

முதலாவது, பொருளைச் சுருக்குதல். ‘சமணமும் கலையும்’ என்பது கடல். சமவசரணம் என்பதும் பெரிதே. அதனுள் இரண்டாம் பூமியாகிய காதிகா பூமியை, அதாவது தாமரை மலர்ந்த நீரகழியை மட்டும் எடுத்துக்கொள்வோம். மன்னார்குடி மல்லிநாதர் ஜினாலயத்தை வணங்கி, வயலும் வாய்க்காலும் கண்டு வளரும் பிள்ளைக்குத் தாமரைக்குளம் புதிதன்று. அக்குளம் அறத்தின் குறியாவது எங்ஙனம் என்பதே கட்டுரையின் வினா.

இரண்டாவது, சான்றுகளைத் தெரிதல். ஒரு நூலும் ஓர் ஓவியமும் போதும். நூல், வாமன முனிவர் அருளிய மேருமந்தர புராணம். ஓவியம், புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் அறிவர் கோயில் அர்த்த மண்டப விதானத்தில் உள்ளது. தாமரை, மீன், அன்னம், யானை, எருமை, மலர் பறிக்கும் மூன்று ஆடவர் ஆகியவற்றை அங்குக் காணலாம். படத்தைப் பார்த்து எழுதாமல் நேரிற் சென்று குறிப்பெடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, காலம். இவ்வோவியங்கள் முன்னர் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை எனப்பட்டன. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்ததைக் கூறும் பாண்டியர் கல்வெட்டைக் கொண்டு, பின்னர் 9ஆம் நூற்றாண்டின என ஆய்வாளர் பலர் கொண்டனர். மேருமந்தர புராணமோ 14ஆம் நூற்றாண்டினது. ஆகவே, ஓவியர் இந்நூலைக் கற்று வரைந்தார் என எழுதுதல் பெரும்பிழை. திலோயபண்ணத்தி, ஜினசேனரின் ஆதிபுராணம் முதலிய நூல்களில் விளங்கும் பழைய மரபே இரண்டிற்கும் பொது ஊற்று எனலாம்.

நான்காவது, ஒப்பீடு. நூல் நம்மைப் படிப்படியாக அழைத்துச் செல்கிறது. அகழி, சோலை எனக் கடந்து இறைவன் வீற்றிருக்கும் கந்தகுடியை அடைகிறோம். ஓவியம் ஓரிடத்தை மட்டுமே காட்டுகிறது. ஆயினும் அப்பொய்கையின் கீழ் நடந்தே கருவறைத் திருவுருவங்களை அடைதல் வேண்டும். சொல் செய்யும் பணியை அங்கு நம் கால்கள் செய்கின்றன. இதுவே கட்டுரையின் உயிர்நிலை.

ஐந்தாவது, மறுப்பு. ‘இது சமவசரணம் அன்று, இயற்கைப் பொய்கையே’ என்பாரும் உளர். எருமை நீராடுதல் அவர்க்குத் துணையாகும். அக்கருத்தை மறைத்தல் ஆகாது. அதற்கு உரிய இடம் தந்து, மலர் பறிப்போரையும் ஓவியம் அமைந்த இடத்தையும் காட்டி விடை கூறுதல் வேண்டும். நமது என்னும் பற்றினால் மட்டும் ஒன்று மெய்யாகிவிடாது. சான்றின்றிப் புகழ்ந்தால், பிறர் நம் உண்மைப் பெருமையையும் ஐயுறுவர்.

ஒரு பொருளைப் பல நோக்கில் காண்பதே அநேகாந்தம். அவ்வறத்தைப் பிறந்த குலத்தால் உடைய நாம், எழுதும் ஏட்டிலும் அதனைக் கடைப்பிடிப்போமாக!