தளபதி தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: ராணுவத் தளபதியாக இருந்தவர் அரசியலுக்கு வருவது சரியா? (வாசகர், சித்தூர்)

பதில்: தாராளமாக வரலாம். உங்கள் சித்தூர் அருகே 1782-ல் உயிர்விட்ட ஹைதர் அலியும் படைத்தளபதியாக இருந்து மைசூர் ஆட்சியைப் பிடித்தவர்தான். ஆனால் இன்று ஆட்சிக்கு வர, மக்களிடம் கைகூப்பி வாக்குக் கேட்டே ஆகவேண்டும். ராணுவத் தளபதியாக இருந்த கரியப்பாவே 1971-ல் மும்பையில் தோற்றார். இன்னொரு தளபதி வி.கே.சிங் 2012-ல் ஓய்வுபெற்று, 2014-ல் பா.ஜ.க.வில் சேர்ந்து, காஸியாபாத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்று அமைச்சரானார். இலங்கையில் ராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா, உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டே அதிபர் தேர்தலில் நின்றார். யாழ்ப்பாணத்தில் அப்போதைய அதிபர் ராஜபக்சேவை முந்தியும் நாட்டளவில் தோற்றார். இரு வாரத்துக்குள் கைதானார்.

என் கவலை வேறு. சீருடையில் இருக்கும்போதே ஒரு கட்சியை மனதில் வைத்து முடிவெடுத்தால், படையின் நடுநிலை போய்விடும். ஓய்வுக்கும் வேட்புமனுவுக்கும் இடையே சில ஆண்டு இடைவெளியைச் சட்டமாக்க வேண்டும்.