விண்டோ, ஜூம் கோளாறுகள்: எந்த அமைப்பு எப்போது?

கிம்ப், ஃபோட்டோஷாப் போன்ற நிரல்களில் ஜூம் செய்தாலும் விண்டோவை இழுத்துப் பெரிதாக்கினாலும் மாறுவது திரையில் தெரியும் காட்சி மட்டுமே. கோப்பிலுள்ள ஒரு பிக்சல்கூட அசையாது. படம் சிறிதாகவோ சப்பையாகவோ தெரிந்ததும் அவசரப்பட்டு ‘ஸ்கேல் இமேஜ்’ கட்டளையைக் கொடுத்தால்தான் உண்மையான சேதம் நேர்கிறது. அதுவரை காட்சியில் மட்டும் இருந்த கோளாறு, சேமித்ததும் கோப்பில் நிலைத்துவிடுகிறது. அதனால் பிக்சலைத் தொடாத தீர்வுகளையே முதலில் பார்க்க வேண்டும்.

கருவிகள் இருந்த பலகைகள் திடீரென்று மறைந்தால் பெரும்பாலும் டேப் விசையில் கை பட்டிருக்கும். இரு நிரல்களிலும் அந்த விசை பலகைகளை மறைக்கும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும்.

கிம்ப்பில் விண்டோக்களை வைத்துக்கொள்ள இரண்டு முறைகள் உண்டு. தொடக்கத்திலிருந்தே கருவிப்பெட்டி, படம், பலகைகள் என்று எல்லாம் தனித்தனி விண்டோக்களாக இருந்தன. 2012இல் வந்த 2.8 பதிப்பு அவற்றை ஒன்றாக்கும் ‘சிங்கிள் விண்டோ மோட்’ வசதியைத் தந்தது. 2018இல் வந்த 2.10இல் அதுவே இயல்பான அமைப்பாயிற்று. மடிக்கணினியில் ஒரே திரையை வைத்து வேலை செய்பவருக்கு ஒற்றை விண்டோவே நல்லது. படத்தின் பின்னால் கருவிப்பெட்டி ஒளிந்துகொள்ளும் தொல்லை அதில் இல்லை. இரண்டு திரைகள் இருந்து, ஒன்றில் படமும் மற்றொன்றில் பலகைகளும் வேண்டுமென்றால் தனி விண்டோக்கள் பயன்படும். அப்போது ‘பிரிஃபரன்சஸ்’ பகுதியின் ‘விண்டோ மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் கருவிப்பெட்டிக்கும் பலகைகளுக்கும் ‘கீப் அபவ்’ என்று கொடுத்துவிட்டால் அவை படத்துக்கு அடியில் போகாது.

ஜூம் செய்யும்போதெல்லாம் விண்டோவும் சேர்ந்து வளர்ந்து சுருங்குவது பலருக்கு எரிச்சல் தருகிறது. கிம்ப்பில் ‘ரீசைஸ் விண்டோ ஆன் ஜூம்’, ஃபோட்டோஷாப்பில் ‘ஜூம் ரீசைசஸ் விண்டோஸ்’ என்ற அமைப்பிலுள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும். தனியாக மிதக்கும் விண்டோக்களில் மட்டுமே இந்த அமைப்பு வேலை செய்கிறது என்பதால், ஒற்றை விண்டோவில் இதைத் தேடவே வேண்டாம்.

எந்த ஜூம் அளவில் படத்தைப் பார்ப்பது என்பது செய்யும் வேலையைப் பொறுத்தது. படத்தின் அமைப்பு, வெட்டும் எல்லை, ஒட்டுமொத்த நிறம் ஆகியவற்றைப் பார்க்க முழுப் படமும் திரையில் அடங்க வேண்டும்: கிம்ப்பில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஜே, ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோல்-0. கூர்மையையும் இரைச்சல் புள்ளிகளையும் 100 விழுக்காட்டில் மட்டுமே எடைபோட வேண்டும்: கிம்ப்பில் 1, ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோல்-1. 100க்குக் கீழே போனால் பல பிக்சல்களை ஒன்றாகச் சுருக்கியே நிரல் காட்டுகிறது. 33 விழுக்காட்டில் மெல்லிய கோடுகள் உடைந்து தெரிவதால் படம் கெட்டுவிட்டதாக நினைக்கக் கூடாது.

கிம்ப்பில் அதிகக் குழப்பம் தருவது ‘வியூ’ மெனுவிலுள்ள ‘டாட் ஃபார் டாட்’. இதில் டிக் இருந்தால், 100 விழுக்காட்டில் படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் அமரும். டிக்கை எடுத்தால் அச்சில் வரப்போகும் அளவிலேயே படம் தெரியும். 6க்கு 4 அங்குலத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அமைந்த 1800க்கு 1200 பிக்சல் புகைப்படத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்குலத்துக்கு 96 பிக்சல் உள்ள திரையில் டிக் இருக்கும்போது அது ஏறத்தாழ 19 அங்குல அகலத்துக்கு விரியும். டிக்கை எடுத்ததும் 6 அங்குலமாகச் சுருங்கும். ஜூம் 100 என்றே காட்டும். இந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் பலர் கோப்பு சிறிதாகிவிட்டதென்று பயப்படுகிறார்கள்.

இணையத்துக்கான படங்களுக்கும் பிக்சல் அளவிலான திருத்தங்களுக்கும் டிக் இருக்கட்டும். அச்சளவைக் கண்ணால் பார்க்க மட்டும் எடுக்கலாம். அதற்கு முன் ‘பிரிஃபரன்சஸ்’ பகுதியில் ‘கேலிப்ரேட்’ பொத்தானை அழுத்தி, திரைமேல் அளவுகோலை வைத்து அளந்து கொடுத்தால்தான் காட்டும் அங்குலம் உண்மையான அங்குலமாக இருக்கும். தொலைநகல் கோப்புகள் தனி வகை. அவற்றின் சாதாரணத் தரத்தில் ஓர் அங்குலத்துக்குக் கிடையாக 204 புள்ளிகளும் நெடுக்காக 98 புள்ளிகளும்தான் இருக்கும். டிக் இருந்தால் பக்கம் பாதி உயரத்துக்கு நசுங்கித் தெரியும்; எடுத்தால் சரியாகிவிடும். இதற்கு மாறாக, டிக்கை எடுக்கும்போது மட்டும் ஒரு சாதாரணப் புகைப்படம் இழுபட்டுத் தெரிந்தால், கோப்பில் பதிவான கிடை, நெடுக்குத் தெளிவு எண்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ‘பிரிண்ட் சைஸ்’ கட்டளையில் இரண்டையும் சமமாக்கினால் போதும். அது பிக்சல்களை மாற்றாது.

பிக்சல் அடர்த்தி மிகுந்த திரையில் பழைய நிரல்களின் மெனு எறும்பளவில் தெரியும். விண்டோஸில் நிரலின் ‘கம்பாட்டிபிலிட்டி’ பக்கத்தில் டிபிஐ அளவிடும் பொறுப்பை ‘சிஸ்டம்’ பக்கம் கொடுத்தால் எழுத்து பெரிதாகும். ஆனால் படத்தையும் சேர்த்தே இழுத்து மங்கலாக்கிவிடும், 100 விழுக்காடு என்பது பொருளற்றுப்போகும். படம் திருத்துபவர் ‘அப்ளிகேஷன்’ என்று வைத்துக்கொண்டு, சிறிய மெனுவைப் பொறுத்துக்கொள்வதே மேல். இதைவிடச் சிறந்த வழி, 2025 மார்ச்சில் வெளியான கிம்ப் 3.0க்கு மாறுவது, இத்தகைய திரைகளை அது முந்தைய பதிப்பைவிட நன்றாகக் கையாளுகிறது.

ஃபோட்டோஷாப்பில் ஜூம் செய்யும்போது திரை கறுத்தாலோ துண்டு துண்டாகத் தெரிந்தாலோ கிராபிக்ஸ் டிரைவரை முதலில் புதுப்பிக்க வேண்டும். ‘யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்’ அமைப்பை அணைத்தாலும் கோளாறு நிற்கலாம். ஆனால் காட்சியைச் சுழற்றுவது, இழுத்து ஜூம் செய்வது போன்ற வசதிகள் அதோடு போய்விடும். காரணம் டிரைவர்தானா என்று சோதிப்பதற்கு மட்டும் அணைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது திரையைக் கழற்றிய பிறகு ஒரு விண்டோ கண்ணுக்கு எட்டாத இடத்தில் திறந்தால், அதைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ்-ஷிஃப்ட்-அம்பு விசைகளை அழுத்தினால் இருக்கும் திரைக்கு வந்துவிடும். வராவிட்டால் கிம்ப்பின் ‘விண்டோ மேனேஜ்மென்ட்’ பக்கத்தில், சேமித்த விண்டோ இடங்களை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தான் இருக்கிறது. நிரலை மூடித் திறந்ததும் பலன் தெரியும். ஃபோட்டோஷாப்பில் இதே வேலையை ‘வொர்க்ஸ்பேஸ்’ மெனுவின் ‘ரீசெட்’ செய்யும். ‘பிரிஃபரன்சஸ்’ முழுவதையும் அழிக்கும் வழி இரண்டிலும் உண்டு. சொந்தமாகச் செய்து வைத்த மற்ற அமைப்புகளும் அதில் போய்விடுவதால், இவை எதுவும் பலிக்காதபோது மட்டும் அதற்குப் போகலாம்.