நட்ட கன்றும் நின்ற மரமும்

எத்தனை கன்று நட்டார்களோ அத்தனை பலன் கிடைத்துவிட்டது என்று ஆப்பிரிக்கக் கிராமங்களுக்காக நன்கொடை தருபவர்கள் பலர் நம்புகிறார்கள். தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளும் அந்த எண்ணையே முகப்பில் போடுகின்றன. 2019 ஜூலை 29 அன்று 12 மணி நேரத்தில் 35 கோடிக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டதாக எத்தியோப்பியா அறிவித்தது. அந்தக் கணக்கை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், அது ஒரு நாளில் மண்ணுக்குள் போனவற்றின் கணக்குதான். இரண்டு கோடையைத் தாண்டி எத்தனை நின்றன, யார் தண்ணீர் ஊற்றினார்கள், ஆடுகள் எத்தனையைத் தின்றன என்பதற்கெல்லாம் அதில் விடை கிடையாது. கன்றைச் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். வரவில் எழுத மரம் வளர்ந்து நிற்க வேண்டும்.

நட்டதை மட்டும் எண்ணினால் எவ்வளவு பெரிய வெற்றியும் கண்ணில் படாமல் போகும் என்பதற்கு நைஜர் நாடே சாட்சி. 1980-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் மராடி பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கன்றுகளை நட்டார், பெரும்பாலானவை கருகின. 1983-இல்தான் அவர் ஒன்றைக் கவனித்தார்: வயல்களில் புதர்போலத் தெரிந்தவை புதர்களே அல்ல, வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டையிலிருந்து எழும் துளிர்கள். வேர் மண்ணுக்கடியில் உயிரோடு இருந்தது. நல்ல துளிர்கள் சிலவற்றை விட்டு மற்றதைக் கவாத்து செய்தால் போதும், மரம் தானே எழுந்துவிடும். மரங்கள் அரசுக்குச் சொந்தம் என்ற பழைய பிடி தளர்ந்தபோது, தன் வயலின் மரம் தனக்கே என்ற நம்பிக்கையில் உழவர்கள் அவற்றைக் காத்தார்கள். பழைய வான்படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் ஏறத்தாழ 20 கோடி மரங்கள் எழுந்திருப்பதாக மதிப்பிட்டார்கள். நடவுக் கணக்கில் இதற்கு விழும் மதிப்பெண் பூஜ்யம்.

மழை திரும்பியதால் வந்த பசுமைதானே இது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, 1980-களின் கொடும் வறட்சிக்குப் பிறகு அங்கே மழை ஓரளவு மீண்டது உண்மை. ஆனால் எல்லைக்குத் தெற்கே, அதைவிடக் கூடுதல் மழை பெறும் நைஜீரியப் பக்கத்து வயல்களில் மரங்கள் குறைவாகவே இருந்தன. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் இடம் இருந்ததால்தான் இந்தப் பதிலைச் சொல்ல முடிகிறது. இதே ஒப்பீட்டைத் திட்டமிட்டே செய்தது, மேற்கு உகாண்டாவின் 121 கிராமங்களில் 2011 முதல் 2013 வரை நடந்த ஓர் ஆய்வு. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கிராமங்களில், காட்டை வெட்டாமல் காக்கும் நில உடைமையாளர்களுக்குப் பணம் தரப்பட்டது. மற்ற கிராமங்கள் அப்படியே விடப்பட்டன. பணம் பெற்ற கிராமங்களில் மரப்பரப்பு 4.2 சதவீதம் குறைந்தது. இதை மட்டும் பார்ப்பவர் திட்டம் தோற்றது என்றே எழுதுவார். மற்ற கிராமங்களில் குறைந்ததோ 9.1 சதவீதம். திட்டம் அழிவைப் பாதிக்கு மேல் தடுத்திருக்கிறது.

எந்த மரமாக இருந்தால் என்ன, இருப்பது நல்லதுதானே என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. கென்யாவின் பாரிங்கோ பகுதியில் 1980-களில் வறட்சியைத் தாங்கும், விறகு தரும் என்று ஒரு மரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த சீமைக்கருவேலம்தான் அது. பிழைப்பு விகிதத்தில் அதை எந்தக் குறையும் சொல்ல முடியாது. மேய்ச்சல் நிலத்தை அது மூடியது. இனிப்பான காய்களைத் தின்ற ஆடுகளின் பற்கள் சொத்தையாகி விழுந்தன. அங்குள்ள இல்சாமுஸ் மக்கள் அரசின் மீது வழக்குத் தொடுத்தபோது, பல்லிழந்த ஓர் ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே பிழைத்த மரங்களை எண்ணுவதும் போதாது. அந்த நிலத்தில் மாடு மேய்ப்பவர்களுக்கும் விறகு சுமக்கும் பெண்களுக்கும் என்ன ஆயிற்று என்று அவர்களிடமே கேட்டு எழுதியாக வேண்டும்.

இப்படி அளந்துகொண்டிருந்தால் கன்றுக்கான பணம் கரைந்துவிடும் என்பது தொண்டு நிறுவனங்கள் வைக்கும் மறுப்பு. சிறிய அமைப்புகளுக்கு இந்தச் சுமை உண்மையானது. ஆனால் ஒவ்வொரு மரத்தையும் யாரும் எண்ணச் சொல்லவில்லை. சில வயல்களைக் குலுக்கலில் எடுத்து, ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் போய்ப் பார்க்கலாம். வங்காரி மாத்தாய் 1977-இல் கென்யாவில் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம் இதற்கு எளிய வழி ஒன்றை வைத்திருந்தது. கன்று வளர்த்த பெண்களுக்கு, பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிறு தொகை தந்தது. தொகை தர வேண்டுமானால் கன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அளவீடு அங்கே தனிச் செலவாக நிற்கவில்லை. பராமரிப்போடு சேர்ந்தே நடந்தது.