விற்பனை நின்ற விளையாட்டும் கைவிட்டுப்போன டொமைனும்

விற்பனை நிறுத்தப்பட்ட கணினி விளையாட்டின் ஸ்டோர் பக்கம் பல நேரங்களில் அழிவதில்லை. ஸ்டீமில் வெளியீட்டாளர் ஒரு விளையாட்டை விலக்கிக்கொண்டால் அது தேடலில் வராது. ஆனால் நேரடி முகவரியில் அந்தப் பக்கம் ஓர் அறிவிப்போடு நிற்கும். முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து தரவிறக்கி விளையாடலாம். தயாரிப்பாளரே நீக்காவிட்டால், அவருடைய வலைத்தள இணைப்பும் உதவி மின்னஞ்சலும் அங்கே பழையபடியே கிடக்கும்.

அந்த இணைப்பு போய்ச்சேரும் டொமைன் கட்டணம் கட்டும்வரைதான் சொந்தம். டாட் காம் டொமைன் காலாவதியானாலும் அன்றே பறிபோகாது. பதிவு நிறுவனம் தரும் அவகாசம் 45 நாள் வரை இருக்கலாம். அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள். கடைசி 5 நாளில் மீட்க வழியே இல்லை. பிறகு யாரும் பதியலாம். பழைய இணைப்புகள் வழியாக ஆட்கள் வருவார்கள் என்பதால் அதற்காகவே நிரல் வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு.

இருவர் நடத்திய சிறு நிறுவனம் ஒன்றில், இதை எழுதுபவருக்கு நேர்ந்ததும் அதுவே. இசை உரிமம் முடிந்து விளையாட்டு விலக்கப்பட்டது. "விற்காத சரக்குக்கு டொமைன் எதற்கு?" என்றார் கூட்டாளி. புதுப்பிக்காமல் விட்டதில் ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் மிச்சமானது. சில மாதங்களில் அதே முகவரியில் சூதாட்டத் தளம் வந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதில் போய் விழுந்தார்கள். அதைவிடப் பெரிய அடி மின்னஞ்சலில் விழுந்தது. டொமைன் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே அதன் அஞ்சலும் போகும். நிறுவனத்தின் கணக்குகள் பலவும் அந்த முகவரியில்தான் திறக்கப்பட்டிருந்தன. கடவுச்சொல் மீட்பு மடல்கள் அந்நியர் கைக்குப் போயின. மூல நிரல் வைத்திருந்த கணக்கு அப்படித்தான் பறிபோனது. அந்த ஒரு புதுப்பித்தலைத் தவிர்த்ததற்கு எந்தச் சிக்கனக் கணக்கும் நியாயமாகாது.

டொமைனைப் புதுப்பிப்பது போக, மற்ற வேலைகள் எளியவை. விலக்குவதற்கு முன்பே ஸ்டோர் பக்க இணைப்புகளை நீக்கி, கணக்குகளின் மின்னஞ்சலை மாற்றிவிட வேண்டும். விளையாட்டின் மெனுவில் உள்ள வலைத்தளப் பொத்தானுக்குத் தனியாக ஓர் அப்டேட் தேவை. டிஸ்கார்டின் தனிப்பெயர் அழைப்பு இணைப்பும், சர்வர் பூஸ்ட் மூன்றாம் நிலைக்குக் கீழே இறங்கினால் பறிபோகும். வேறு சர்வர் அதை எடுத்துக்கொள்ள முடியும்.

அந்தப் பழைய டொமைன் இன்றும் சூதாட்டத் தளமாகவே ஓடுகிறது. அதைத் திருப்பித் தரக் கேட்கப்பட்ட விலை, பத்தாண்டுப் புதுப்பித்தல் கட்டணத்தைவிட அதிகம்.