எந்த வேலையை எழுதுவது, எந்த ஆண்டை விடுவது?

சுயவிபரக் கோவை என்பது பல்கலைக்கழகம் முடித்தவர்களுக்கு மட்டும் உரியது என்றே நான் எண்ணியிருந்தேன். கடந்த விடுமுறையில் என் உம்மாவுக்காக ஒன்றைத் தயாரிக்க நேர்ந்தபோதுதான், அது எவ்வளவு சிந்தித்து எழுத வேண்டியது என்று புரிந்தது.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்குக் கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டது. உம்மாவுக்கு விருப்பம், ஆனால் தயக்கம். “எழுத என்ன மகள் ஈக்கிது? பேரையும் வயசையும் போடுங்க” என்றார். கேட்டுக் கேட்டுக் குறித்தபோது மூன்று வேலைகள் வந்தன. சாதாரண தரப் பரீட்சை எழுதியபின் மூன்று மாதம் போட்டோ பிரதிக் கடை. 2002 முதல் 2005 வரை கண்டி நகரில் ஒரு புடவைக் கடையின் காசாளர். 2014 முதல் வீட்டில் தையல். 2005க்கும் 2014க்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் வெற்றிடமாக இருந்தன.

“புடவைக் கடையில 2014 வரைக்கும் இருந்ததா போட்டா யாருக்குத் தெரியும்?” என்றார் நானா. நானும் அப்படியே தட்டச்சுச் செய்துவிட்டேன். வாசித்துக் காட்டியதும் உம்மாவின் முகம் மாறியது. “அந்த வருஷங்கள்ல நான் ஒங்க ரெண்டு பேரையும் வளத்தேன். அத ஏன் மறைக்கோணும்?”

அந்த வரியை உடனே அழித்தேன். உம்மா பழைய பிஸ்கட் டின்னிலிருந்து சேவைக் கடிதத்தையும் ஊழியர் சேமலாப நிதிப் பத்திரத்தையும் எடுத்துத் தந்தார். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்நிதிக்கு, இன்று ஊழியர் தம் சம்பளத்தில் 8 சதவீதத்தையும் தொழில்தருநர் 12 சதவீதத்தையும் செலுத்துகின்றனர். பணம் செலுத்தப்பட்ட காலம் பதிவில் இருக்கும். “யாருக்குத் தெரியும்?” என்ற கேள்விக்கு அந்தத் தாளே பதில் சொன்னது.

அன்று நான் கற்றவற்றைத் தோழியருக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, விண்ணப்பிக்கும் பதவியிலிருந்து தொடங்க வேண்டும். 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பையை எண்ணிப் பாருங்கள். அவர் சட்டத்தரணி, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ நாவலை வெளியிட்டவர், முஸ்லிம் பெண்களின் கல்விக்காக உழைத்தவர். அவர் இன்று ஒரு பத்திரிகை ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தால் ‘முஸ்லிம் நேசன்’ பற்றிப் பல வரிகள் எழுதுவார். சட்ட அலுவலகம் என்றால் வழக்காடிய அனுபவமே அதிக இடம் பெறும். ஆண்டுகள் மாறா, எதை விரித்துச் சொல்வது என்பதே மாறும். உம்மாவின் கோவையிலும் தைத்த சட்டைகளை விட, தையலுக்காக அவர் எழுதிவந்த வரவு செலவுக் கொப்பிகளுக்கே முதலிடம் கொடுத்தோம்.

இரண்டாவது, கடைசியாகச் செய்த வேலையை முதலில் எழுத வேண்டும். தொடங்கிய மாதமும் ஆண்டும், முடித்த மாதமும் ஆண்டும் தெளிவாக இருக்க வேண்டும். மாதம் நினைவில்லையென்றால் எல்லா வேலைகளுக்கும் ஆண்டை மட்டும் எழுதலாம். ஊகித்து மாதம் போடக் கூடாது.

மூன்றாவது, விடுவது வேறு, திரிப்பது வேறு. போட்டோ பிரதிக் கடையின் மூன்று மாதங்களை நாம் விட்டுவிட்டோம். அது பழைய, குறுகிய, இப்பதவியோடு தொடர்பற்ற வேலை. அதை விட்டதால் எவரும் ஏமாறவில்லை. ஆனால் 2005ஐ 2014 ஆக்குவது பொய். எல்லா வேலைகளையும் குறிப்பிடும்படி கேட்கும் விண்ணப்பப் படிவங்களும் உண்டு. அவற்றில் எதையும் விடலாகாது.

நான்காவது, இடைவெளியை ஒரே வரியில் உள்ளபடி சொல்லலாம். “2005 – 2014: பிள்ளைகள் பராமரிப்பு” என்று எழுதினோம். அதற்கு மன்னிப்புக் கோரும் வார்த்தை எதையும் சேர்க்கவில்லை.

நேர்முகத்தில் அந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம். உம்மா நடந்ததைச் சொல்லி, கணக்குக் கொப்பியையும் விரித்துக் காட்டியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் வீடு திரும்பியதும், “இன்னும் ரெண்டு பிரதி எடுங்க மகள். வேற எடத்துக்கும் போட்டுப் பாப்போம்” என்றார். எழுத ஒன்றுமில்லை என்றவர்தான் அவர்.

தோழியரே, உயர்தரப் பரீட்சைக்குப் பின் நம்மில் பலர் ஏதாவதொரு வேலைக்குச் செல்வோம். சிறிய வேலையானாலும் சேர்ந்த திகதியையும் விலகிய திகதியையும் குறித்து வையுங்கள். விலகும்போது சேவைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பெற்றோரே, உங்கள் வீட்டிலும் அப்படியொரு பிஸ்கட் டின் இருந்தால், அதை ஒருமுறை உங்கள் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுங்கள்.

– உயர்தர வணிகப் பிரிவு மாணவி