ரவுண்டானாவில் யார் முதலில் போவது?

செமஸ்டர் முடிஞ்சதும் நம்ம பசங்க போடுற முதல் பிளான் என்ன? ஊட்டிதான். நாலு பைக், எட்டு பேர், விடியற்காலையில மேட்டுப்பாளையத்தில் ஒரு டீ, அப்புறம் குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளைப் பற்றி வீட்டில் எல்லாரும் எச்சரித்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் மலை ஏறி முடித்து, "அப்பாடா, வந்தாச்சு" என்று கை லேசாகிற நேரத்தில் எதிரே வருகிற சேரிங் கிராஸ் ரவுண்டானாவைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதனால் இந்த முறை அதைப் பார்ப்போம்.

சேரிங் கிராஸ் நடுவில் நிற்பது ஆடம்ஸ் நீரூற்று. சென்னை மாகாண கவர்னராக இருந்தபோதே 1881-ல் ஊட்டியில் இறந்த வில்லியம் பேட்ரிக் ஆடம் நினைவாக 1886-ல் கட்டியது. அதே 1886-ல்தான் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அதாவது, இது கார், பஸ், பைக்கை மனசில் வைத்துக் கட்டியதே இல்லை. குன்னூர் ரோடும், கமர்ஷியல் ரோடும், தாவரவியல் பூங்காவுக்குப் போகிற ரோடும் சேர்கிற இடத்தில், சீசன் கூட்டத்துக்கு நடுவே, நாம்தான் கவனமாகச் சுற்றிப் போகணும்.

விதி ஒன்றுதான்

மலைப்பாதையில் ஒரு பழக்கம் உண்டு. குறுகலான ஏற்றத்தில் இறங்குகிற வண்டி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிடணும். இரண்டு மணி நேரம் ஏறி வந்த நமக்கு, "நமக்குத்தான் வழி" என்கிற நினைப்பு மண்டையில் ஏறியிருக்கும். ரவுண்டானாவில் அது செல்லாது. ஏற்கெனவே வட்டத்துக்குள் இருக்கிற வண்டிக்கே முதல் உரிமை என்கிறது மோட்டார் வாகனங்கள் (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள் 2017. நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுவதால் வட்டத்தில் கடிகார முள் திசையில் சுற்றுகிறோம். அப்போ உள்ளே இருக்கிற வண்டி நமக்கு வலது பக்கத்திலிருந்துதான் வரும். வலது பக்கம் பாருங்க, இடைவெளி இருந்தால் நுழையுங்க, இல்லைன்னா நில்லுங்க. டிராஃபிக் போலீஸ் நின்று கை காட்டினால், அவர் கைதான் விதி.

ஏன் இப்படி ஒரு விதி? சி.எஸ்.இ. பசங்களுக்கு உடனே புரியும்: டெட்லாக். நுழைகிறவர்கள் முண்டிக்கொண்டு நுழைந்தால், உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடியாது. அவர்கள் வெளியேறாவிட்டால் நுழைந்தவர்களும் நகர முடியாது. வட்டம் முழுக்கப் பூட்டிக்கொள்ளும். பிரிட்டனில் பல ரவுண்டானாக்கள் இப்படித்தான் திணறின. 1966 நவம்பரில், நுழைகிறவர் காத்திருக்கணும் என்று அங்கே விதி வந்த பிறகுதான் ரவுண்டானா உருப்படியாக வேலை செய்ய ஆரம்பித்தது.

இன்னொரு லாபமும் இருக்கு. சாதாரண நாலு ரோடு சந்திப்பில் வண்டிகள் மோதிக்கொள்ள வாய்ப்புள்ள புள்ளிகள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8 மட்டுமே. நேருக்கு நேர் மோதலும், நடுவில் குத்துகிற மோதலும் பெரும்பாலும் இல்லாமல் போகும். ஆனால் எல்லாரும் மெதுவாக நுழைந்தால்தான் இந்தக் கணக்கு.

எவ்வளவு மெதுவாக?

முதல் வருஷ பிசிக்ஸ்தான். வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் குணகம் × ஆரம் × புவியீர்ப்பு முடுக்கம். நீங்க போகிற வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைப்போம். காய்ந்த தார் ரோட்டில் குணகம் 0.7 என்றால், வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்குச் சுமார் 30 கி.மீ. மழையில் குணகம் 0.3 ஆகக் குறைந்தால் அது 19 கி.மீ. சொச்சம்தான். நனைந்த வெள்ளைக்கோடு, சிந்தின டீசல் என்றால் இன்னும் குறையும். ஊட்டியில் மழையும் மிஸ்ட்டும் எப்ப வரும்னு சொல்லவே முடியாது. அதனால் பிரேக்கை எல்லாம் வண்டி நேராக இருக்கும்போதே பிடித்து முடிச்சிடுங்க. சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் டயர் நழுவும். இறக்கத்தில் வருகிறீர்கள் என்றால் முன்கூட்டியே கியரைக் குறைச்சுக்குங்க.

பஸ்ஸுக்குப் பக்கத்தில் வேண்டாம்

நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்பக்கம் வெட்டும். வட்டத்தைச் சுற்றும்போது வலது பக்கம், வெளியேறும்போது இடது பக்கம். இரண்டு பக்க இடைவெளியும் பொறிதான். பஸ்ஸுக்குப் பின்னாடியே வாங்க. டிரைவர் கண்ணாடி உங்களுக்குத் தெரியலைன்னா, அவருக்கும் நீங்க தெரிய மாட்டீங்க.

நீங்க போக வேண்டிய ரோட்டுக்கு முந்தைய ரோட்டைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டரைப் போடுங்க. அடுத்த வாயிலில் காத்திருப்பவருக்கு அது ஒரு தகவல். நடந்து போகிறவர்கள் குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காம நில்லுங்க.

கடைசியாக, நம்ம கேங்குக்கு

நாலு பைக்கில் போகும்போது உண்மையான ஆபத்து வேகம்கூட இல்லை. "முன்னாடி போறவன் போயிட்டான், விட்டுடக் கூடாது" என்கிற பதற்றம்தான். போன தடவை நான் அப்படித்தான் நுழைந்தேன். என் கண் நண்பனின் பைக் டெயில் லேம்ப் மேலேயே இருந்தது, வலது பக்கம் திரும்பவே இல்லை. வந்த ஜீப் டிரைவர் பிரேக் பிடித்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவனுக்குக் கிடைத்த இடைவெளி எனக்கும் இருக்கும் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

அதனால் கிளம்பும்போதே ஒரு விஷயம் பேசிக்குங்க: ரவுண்டானாவில் பிரிஞ்சா பிரியட்டும், தாண்டிப் போய் பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரம்கட்டி முன்னாடி போனவங்க காத்திருக்கணும். ரெண்டு நிமிஷம்தான் ஆகும். எட்டு பேரும் சேர்ந்தே டீ குடிக்கலாம்.